நீலகிரியில் தனித்து விக்கா பயில்வோருக்கு: முதல் ஓராண்டுக்கான முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியிலோ குன்னூரிலோ இருந்துகொண்டு, இயற்கையையும் நிலவையும் வழிபடும் விக்கா என்ற சமயத்தைக் கைப்பேசியில் படித்ததை மட்டும் வைத்துத் தனியாகப் பயிலத் தொடங்குபவர் விரைவிலேயே ஒரு சிக்கலைச் சந்திக்கிறார். ஜூன் 21 அன்று சூரியனின் உச்ச வலிமையைக் கொண்டாட வேண்டும் என்று அவர் படித்த குறிப்பு சொல்கிறது. சன்னலுக்கு வெளியே தென்மேற்குப் பருவமழையின் மூடுபனியில் எதிர்வீட்டுத் தகரக்கூரைகூடத் தெரிவதில்லை. வசந்தத்தை வரவேற்கத் திறந்தவெளியில் நெருப்பு மூட்ட வேண்டும் என்கிறது. இங்கே அந்த மாதங்கள் காட்டுத்தீக்கு அஞ்சும் மாதங்கள். குறிப்பில் பிழை இல்லை. அது இங்கிலாந்தின் மண்ணையும் வானத்தையும் பார்த்து எழுதப்பட்டது. ஆகவே, அந்த வழிபாட்டின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, இந்த மலையின் காலத்தையும் ஒளியையும் அதில் எப்படிப் பொருத்துவது என்பதையே இங்கு படிப்படியாக எழுதுகிறேன்.

தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

விக்கா பழமையான சமயம் என்று பலர் எழுதுவதை நம்ப வேண்டியதில்லை. அது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் உருவான புதிய சமயம். சூனியத்துக்கு எதிராக அங்கிருந்த 1735ஆம் ஆண்டுச் சட்டம் 1951-ல் நீக்கப்பட்டதும், ஜெரால்டு கார்ட்னர் என்பவர் 1954-ல் விக்காவைப் பற்றி வெளிப்படையாக நூல் எழுதினார். அவர் தம் இளமையில், 1900-ல், இலங்கைக்குச் சென்று அங்கே மலைத்தோட்டங்களில் வேலை பார்த்தவர்; பின்னர் மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்தவர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று கோத்தகிரியிலும் கூடலூரிலும் வாழ்வதை நினைக்கும்போது, இந்தச் சமயத்துக்கும் நம் மலைக்கும் இடையே ஒரு மெல்லிய நூல் ஏற்கெனவே ஓடுவதாக எனக்குத் தோன்றும். அதற்கு மேல் அதில் பொருள் தேட வேண்டாம்.

வழிபாட்டு உரைகளுக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் டோரீன் வேலியன்ட். யாருக்கும் தீங்கு இல்லையெனில் விரும்பியதைச் செய் என்ற விக்காவின் ஒரே ஒழுக்க விதியை அவர் 1964-ல் ஓர் உரையில் பொதுவெளியில் சொன்னார். கார்ட்னர் வழியிலும், பின்னர் வேறொரு கிளையைத் தொடங்கிய அலெக்ஸ் சாண்டர்ஸ் வழியிலும் தீட்சை பெற்ற ஒருவரே இன்னொருவருக்குத் தீட்சை அளிக்க முடியும். தனித்துப் பயில்வோர் அந்தப் பரம்பரைக்கு உரிமை கோருவதில்லை. 1988-ல் ஸ்காட் கன்னிங்ஹாம் அவர்களுக்கென்றே எழுதிய நூலுக்குப் பிறகு தனிவழி பரவலான வழக்கமாயிற்று. பணம் வாங்கிக்கொண்டு இணையத்தில் தீட்சை தருவதாகச் சொல்பவரிடம் நீங்கள் எதையும் வாங்கத் தேவையில்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். விக்கா பயில்வோர் ஆங்கிலத்தில் பெருமையோடு தம்மைச் சூனியக்காரி என்று அழைத்துக்கொள்ளும் வழக்கத்தைத் தமிழுக்குக் கொண்டுவராதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் இதே நீலகிரியில், மந்திரம் வைத்தார்கள் என்ற சந்தேகத்தின் பேரில் குறும்பர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கூட்டமாகக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். ஜார்க்கண்டில் பெண்களைச் சூனியக்காரி என்று முத்திரை குத்துவதைத் தடுக்க 2001-ல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. நமக்கு ஓர் அடையாளமாக இனிக்கும் சொல், பக்கத்து ஊரில் ஒரு கிழவியின் உயிருக்கு உலை வைக்கக்கூடும். விக்கா என்றே சொல்லுங்கள். யாராவது கேட்டால், இயற்கையையும் நிலவையும் வழிபடும் ஒரு முறை என்று சொன்னால் போதும். வீட்டில் அம்மா கவலைப்பட்டால், செய்வினை, ஏவல், பில்லி எதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுவது, பின்னர் மறைத்து மாட்டிக்கொள்வதைவிட நல்லது.

முதல் மூன்று மாதம்: குறிப்பேடு மட்டும்

தொடங்கியவுடன் சடங்குக்கென்று கத்தி, கோல், கிண்ணம், படிகக் கல் என்று வாங்கத் தோன்றும். நானும் அப்படித்தான் 3,000 ரூபாய்க்கு ஒரு கறுப்புப் பிடி போட்ட கத்தி வாங்கினேன். அது இன்று சமையலறையில் எலுமிச்சை நறுக்குகிறது. முதல் மூன்று மாதத்துக்கு 200 பக்க நோட்டு ஒன்றும், தினமும் தாள் கிழிக்கும் தமிழ் நாட்காட்டி ஒன்றும் போதும். விக்கா பயில்வோர் வழிபாட்டு முறைகளையும் அனுபவங்களையும் எழுதிவைக்கும் ஏட்டுக்கு நிழல்களின் புத்தகம் என்று பெயர். அந்த ஏட்டின் முதல் பகுதி வானிலைக் குறிப்பாக இருக்கட்டும் என்பது என் ஆலோசனை.

தினமும் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, மூடுபனி எத்தனை மணிக்கு இறங்கியது, எந்தச் செடி பூத்தது, நிலவு எந்த முகட்டின் மேல் எழுந்தது, அன்று உங்கள் மனம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். நீலகிரியின் மேற்குச் சரிவு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் நனைகிறது. கோத்தகிரி, குன்னூர் அமைந்துள்ள கிழக்குப் பக்கத்துக்கு அக்டோபர், நவம்பர் மாதங்களின் வடகிழக்குப் பருவமழையே முக்கியம். ஆகவே கூடலூரில் இருப்பவரின் ஏடும் கோத்தகிரியில் இருப்பவரின் ஏடும் ஒன்றாக இருக்க முடியாது. தனிவழி என்ற சொல்லுக்கு இந்த மலையில் அத்தனை நேரடியான பொருள் உண்டு.

திசைகளைக் கண்டுபிடித்தல்

விக்கா வழிபாடு ஒரு வட்டத்துக்குள் நடக்கிறது. கிழக்கில் காற்று, தெற்கில் நெருப்பு, மேற்கில் நீர், வடக்கில் மண் என்று நான்கு பூதங்களை நான்கு திசையில் அழைப்பது பொது வழக்கம். ஐந்தாவதாக அவர்கள் ஆன்மாவை வைக்கிறார்கள். நம் ஐம்பூதங்களில் அந்த இடத்தில் ஆகாயம் இருக்கிறது. இரண்டும் நெருங்கிய உறவினர் போலத் தோன்றினாலும் ஒன்றல்ல என்பதை மறக்க வேண்டாம்.

வடக்கைக் காண துருவ நட்சத்திரத்தைத் தேடுபவர் இங்கே ஏமாறுவார். நாம் ஏறத்தாழ 11.4 பாகை வட அட்சத்தில் இருப்பதால் அது அடிவானத்திலிருந்து 11 பாகை உயரத்தில்தான் நிற்கும். பக்கத்து மேடு போதும், அதை மறைக்க. சூரியன் உதிக்கும் இடமும் ஆண்டு முழுவதும் நேர்க்கிழக்குக்கு இருபுறமும் 24 பாகை வரை நகர்கிறது. எளிய வழி, சமதரையில் ஒரு குச்சியை நட்டு அதைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, முற்பகலில் நிழலின் நுனி வட்டக்கோட்டைத் தொடும் புள்ளியையும் பிற்பகலில் மீண்டும் தொடும் புள்ளியையும் குறித்து, இரண்டையும் கயிற்றால் இணைப்பது. முதற்புள்ளி மேற்கு, இரண்டாவது கிழக்கு. கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை குறித்து அரண்மனை கட்டியதை நெடுநல்வாடை பாடுகிறது. அந்தக் கலை நமக்குப் புதிதன்று. கைப்பேசித் திசைகாட்டியும் வேலை செய்யும், ஆனால் ஒரு நாள் முழுவதும் நிழலோடு உட்கார்ந்திருப்பதே ஒரு பயிற்சி.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இங்கிலாந்தில் எழுதப்பட்ட எந்தக் குறிப்பிலும் இது வராது. அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில் இருக்கிறது. அதனால்தான் நெருப்பைத் தெற்கில் வைத்தார்கள். சூரியன் போகும் போக்கு என்று சொல்லி வட்டத்தை வலமாகச் சுற்றினார்கள். நீலகிரியில் ஏப்ரல் 20-ஐ ஒட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அன்று நிமிர்ந்து நிற்கும் குச்சிக்கு நிழல் இல்லை. அதன் பிறகு சூரியன் வடபுறமாகச் சாய்ந்து, ஆகஸ்ட் 23 வாக்கில் மீண்டும் உச்சிக்கு வரும்வரை நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது. அந்த நான்கு மாதமும் நெருப்பை வடக்கே மாற்றலாமா என்று எனக்கும் ஒரு காலத்தில் ஆசை இருந்தது. மாற்றிப் பார்த்தேன், வட்டத்துக்குள் குழப்பமே மிஞ்சியது. கோயிலை வலம் வந்து பழகிய கால்களுக்கு வலமே இயல்பு. நெருப்பைத் தெற்கிலேயே விட்டுவிட்டு, நிழல் இல்லாத அந்த இரு நாட்களையும் தனிப் பெருநாட்களாக எடுத்துக்கொண்டேன்.

வழிபாட்டுப் பலகை

ஒரு சிறு முக்காலியோ அலமாரித் தட்டோ போதும். மண்ணுக்கு ஒரு கிண்ணம் கல்லுப்பு, நீருக்கு ஒரு செம்பு, நெருப்புக்கு அகல் விளக்கு, காற்றுக்கு ஊதுபத்தி. கத்திக்குப் பதிலாகச் சுட்டுவிரல் போதும் என்று தனித்துப் பயில்வோர் பலரும் ஏற்றுக்கொள்கிறார்கள். வீட்டுப் பூஜை அலமாரியில் இவற்றைக் கலக்காமல் இருப்பது நல்லது. அது உங்கள் குடும்பத்தினருடையது.

கரித்துண்டில் சாம்பிராணி போடுவதானால் சன்னலைத் திறந்து வையுங்கள். குளிருக்கு அஞ்சி மூடிய அறையில் கரி மூட்டித் தூங்கியவர்கள் விடிந்ததும் எழாமற்போன செய்தி மலையில் வாழும் எவருக்கும் புதிதன்று. மணமில்லாத அந்த நச்சுப் புகைக்கு வழிபாடு என்றும் அடுப்பு என்றும் வேறுபாடு தெரியாது.

முதல் பௌர்ணமி

நான்காம் மாதத்தில் முதல் வழிபாட்டைச் செய்யலாம். முழுநிலவு வழிபாட்டை விக்காவில் எஸ்பாட் என்கிறார்கள். வளர்பிறையில் பெருக வேண்டியவற்றையும் தேய்பிறையில் குறைய வேண்டியவற்றையும் கேட்பது அவர்கள் முறை. நல்ல காரியத்துக்கு வளர்பிறை பார்க்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாட்காட்டியில் பௌர்ணமித் திதி முதல் நாளே தொடங்கியிருக்கக்கூடும். இரவில் திதி இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள்.

குளித்துவிட்டு, அறையைப் பெருக்கிய பின், செம்பு நீரில் மூன்று சிட்டிகை உப்பைக் கலந்து அறையின் ஓரங்களில் தெளியுங்கள். பிறகு ஊதுபத்தியுடன் கிழக்கில் தொடங்கி வலமாக மூன்று முறை நடந்து, சுட்டுவிரலால் வட்டத்தின் எல்லையை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். நான்கு திசையிலும் நின்று அந்தந்தப் பூதத்தை உங்கள் சொற்களால் அழையுங்கள். ஆங்கிலச் செய்யுளை மனப்பாடம் செய்ய வேண்டாம். வடக்கு நோக்கி நின்று, நான் காலையில் கொத்திய செம்மண்ணே வருக என்று சொல்வது, பொருள் புரியாத பத்து வரியைவிட மேலானது.

அடுத்து தேவியையும் தேவனையும் அழைக்க வேண்டும். நிலவோடு தொடர்புடைய தேவியும், காட்டோடு தொடர்புடைய கொம்புள்ள தேவனும் விக்காவின் இணை. இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள்: தேவி என்றால் மாரியம்மன், கொம்பு என்றால் தோடர் எருமை, மலைத்தெய்வம் என்றால் முருகன் என்று இணைக்கத் துடிக்கிறார்கள். அப்படிச் செய்யாதிருப்பதே சரி என்று நினைக்கிறேன். மாரியம்மனுக்கு அவளுக்கென்று பூசாரியும் முறையும் நாளும் உண்டு. அவளை நீங்கள் ஏற்கெனவே கும்பிட்டால் அந்த வழியிலேயே கும்பிடுங்கள். ஹெத்தையம்மன் படகர்களின் மூதன்னை. தோடர்களின் எருமையும் அவர்களது கோயிலும் அவர்களுடையவை. தேவியைப் பெயரில்லாமல் அழைத்தால் குறை ஒன்றும் இல்லை. பெயர் வேண்டுமெனில் ஏட்டில் பல மாதம் எழுதிய பிறகு தானாக வரும்.

அழைத்த பின் அமைதியாக அமருங்கள். கேட்க வேண்டியது ஒன்று இருந்தால் கேளுங்கள். இல்லையெனில் சும்மா இருப்பதே போதும். ஒருவர் மனத்தை அவருக்குத் தெரியாமல் மாற்றுவதற்கான வேண்டுதல் தீங்கின்மை விதிக்கு மாறானது என்பதால் வசியம் இதில் இல்லை. முடிவில் ரொட்டியும் மதுவும் படைத்து உண்ணும் சடங்கு வரும். நான் ஊட்டி வர்க்கியும் பால் சேர்க்காத தேநீரும் வைக்கிறேன். முதல் துண்டும் முதல் வாயும் தேவிக்கு, மீதி எனக்கு. பின்னர் நான்கு திசைகளுக்கும் நன்றி சொல்லி அனுப்பி, இடமாக ஒருமுறை நடந்து வட்டத்தைக் கலைத்து, இரு உள்ளங்கையையும் தரையில் சற்று நேரம் ஊன்றி வையுங்கள். உப்பு நீரைச் செடியில் ஊற்றாதீர்கள், பட்டுப்போகும். படைத்த வர்க்கியையும் வெளியே வைத்துவிட்டு வராதீர்கள், குரங்கும் காட்டுப்பன்றியும் கரடியும் பழகிவிடும். தேவிக்கு வைத்த தேநீரைத் தண்ணீர் கலந்து மண்ணில் விடலாம்.

எட்டுப் பெருநாட்களை மலைக்குப் பொருத்துதல்

சாவின், யூல், இம்போல்க், ஓஸ்டாரா, பெல்டேன், லித்தா, லாமஸ், மேபன் என்ற எட்டு நாட்களைக் கொண்டது விக்காவின் ஆண்டுச் சக்கரம். இந்த எட்டும் ஒரே சக்கரமாகச் சேர்ந்தது 1950-களின் பிற்பகுதியில்தான்; மேபன் என்ற பெயரோ 1970-களில் அமெரிக்காவைச் சேர்ந்த எய்டன் கெல்லி சூட்டியது. அவ்வளவு அண்மையில் அமைக்கப்பட்ட ஒன்றை நாம் திருத்தினால் எந்த மரபும் இடிந்துவிடாது.

லண்டனில் டிசம்பர் 21-ன் பகல் ஏறத்தாழ 8 மணி நேரம். ஜூன் 21-ல் அது 16½ மணி நேரத்தைத் தாண்டுகிறது. நமக்கு முன்னது ஏறத்தாழ 11½, பின்னது 12¾. வெளிச்சம் செத்துப் பிறக்கும் நாடகம் இங்கே நடப்பதில்லை. ஆனால் டிசம்பர் கடைசியில் உதகையின் புல்வெளி உறைபனியில் வெள்ளையாகி, தேயிலைக் கொழுந்து கருகிப்போகிறது. ஆகவே டிசம்பர் 21-ன் யூல் நாளை ஒளி திரும்பும் நாளாகக் கொள்வதைவிட, குளிரில் நெருப்பைக் காக்கும் நாளாகக் கொள்ளலாம். இரவு முழுவதும் ஒரு விளக்கை அணையாமல் காத்து, விடியலில் பனி உருகும் வரை உட்கார்ந்திருப்பதே என் யூல்.

லித்தாவின் சூரிய வழிபாட்டை ஜூனின் மழையிலிருந்து எடுத்து ஏப்ரலின் நிழலில்லா நாளில் வைத்துவிடுங்கள். நடுப்பகலில் வெளியே குச்சியை நட்டு, அதன் நிழல் அடியில் ஒடுங்கி மறைவதைப் பார்ப்பதைவிட வலுவான சூரிய வழிபாடு வேறு இருக்க முடியாது. காலியான ஜூன் 21-ஐ மழைக்குக் கொடுக்கலாம். வசந்தத்தை வரவேற்கும் பெல்டேனின் நெருப்பு மேடையை ஓர் அகல் விளக்காகச் சுருக்குங்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் கருகியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அக்டோபர் 31-ன் சாவின் இறந்தோரை நினைக்கும் நாள். மலையெங்கும் கிறித்தவர்கள் நவம்பர் 2 அன்று கல்லறைத் திருநாளுக்காகக் கல்லறைகளைச் சுத்தம் செய்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். இந்துக் குடும்பத்தில் பிறந்தவருக்கு ஆடி அமாவாசையும் மகாளய அமாவாசையும் தை அமாவாசையும் உண்டு. உங்கள் தாத்தாவுக்கு எந்த நாளில் சோறு படைத்தார்களோ அதே நாளில் சாவினை வைத்துக்கொண்டால் அவருக்குப் புரியும் என்று நான் வாதிடுவதுண்டு. ஆகஸ்ட் 1-ன் லாமஸுக்கு மிக அருகிலேயே ஆடிப்பெருக்கு வருகிறது. ஒன்று அறுவடைக்கு, மற்றது ஆற்றுக்கு; தேதி நெருங்கியிருப்பதால் மட்டும் அவை ஒன்றாகிவிடா. மீதியுள்ள மூன்றையும் முதலாண்டில் ஏட்டில் ஒரு பக்கம் எழுதிக் கடந்துபோகலாம்.

செடிகளும் இடங்களும்

மூலிகைப் பட்டியல்கள் பரிந்துரைக்கும் ரோஸ்மேரியும் தைமும் இந்த மலையிலேயே பயிராகின்றன. வேடிக்கை என்னவெனில், ஐரோப்பிய நாட்டார் வழக்கில் பேசப்படும் கார்ஸ், ஸ்காட்ச் புரூம் ஆகிய மஞ்சள் பூப் புதர்களும் வெள்ளையர் கொண்டுவந்து நட்டதால் உதகைப் புல்வெளிகளில் களையாகப் பரவிக் கிடக்கின்றன. துடைப்பத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரே அந்தப் புரூம் செடியிலிருந்து வந்தது. உங்கள் வேலியோரத்தில் அது முளைத்திருந்தால் தாராளமாக வெட்டிச் சடங்குத் துடைப்பம் கட்டலாம், புல்வெளிக்கும் நன்மை. சோலைக்காட்டிலிருந்து ஒரு பாசிகூட எடுக்கக் கூடாது. ஓடையோரங்களில் பெரிய எக்காளம் போலத் தொங்கும் வெள்ளைப் பூக்களைக் கொண்ட மரம் ஊமத்தை இனத்தோடு நெருங்கியது; அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. பழங்காலச் சூனியக்காரிகளின் களிம்பு என்ற பெயரில் வரும் செய்முறைகளை நெருங்காதீர்கள்.

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். இருட்டிய பின் காட்டெருமையும் சிறுத்தையும் நடமாடும் மலையில் தனியாக வெளியே வட்டமிடுவது அறியாமை. வீட்டு மாடியும் பின்கட்டும் போதும். மலைச்சரிவுகளில் காணப்படும் கல்திட்டைகளையும் கல்வட்டங்களையும் பார்த்து, இங்கிலாந்தின் கல்வட்டங்களை நினைத்து அங்கே வழிபடத் தோன்றலாம். அவை ஈமச் சின்னங்கள். எட்ட நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

உறக்கம் கெட்டு, குரல்கள் கேட்டு, அல்லது மனம் தொடர்ந்து கனத்தால் அதை ஆன்மிக அனுபவமாக விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை அழைத்தால் தமிழிலேயே பேசலாம்.

ஓராண்டும் ஒரு நாளும்

தொடங்கிய நாளிலிருந்து ஓராண்டும் ஒரு நாளும் கழிந்த பின் தன்னைத்தானே அர்ப்பணித்துக்கொள்வது தனித்துப் பயில்வோரின் வழக்கம். அதற்கு முந்திய வாரத்தில் ஏட்டை முதற்பக்கத்திலிருந்து படியுங்கள். எந்த வழிபாட்டுக்குப் பிறகு மனம் தெளிந்தது, எது கடமைக்குச் செய்யப்பட்டது என்பது எழுத்திலேயே தெரியும். இரண்டாவது வகையை வெட்டிவிடுங்கள். தொடர வேண்டாம் என்று தோன்றினால் பலகையை மடித்து வைத்துவிட்டு எழுந்துபோகலாம், யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

தொடர்வதானால், வட்டமிட்டு, நெற்றியிலும் நெஞ்சிலும் பாதங்களிலும் நீர் தொட்டு, இந்த ஓராண்டில் நீங்கள் கடைப்பிடித்தவற்றை மட்டும் வாக்குறுதியாகச் சொல்லுங்கள். கடைப்பிடிக்காத எதையும் அன்று புதிதாகச் சேர்க்காதீர்கள். வட்டத்தைக் கலைத்த பின் புதிய நோட்டின் முதல் தாளில் தேதியையும், அன்று காற்று வந்த திசையையும், நிலவு தெரிந்ததா என்பதையும் எழுதிவிட்டு விளக்கைக் குளிர வையுங்கள்.